600 ஒன் வேர்ட் மனப்பாடம் பண்ணியும் மூணுக்கு மூணு தப்பு. எங்கே கோட்டை விடறேன்?

சின்னாளபட்டிப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்ஸி. கணிதம் முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. பள்ளிக்கூடம், காலேஜ் ரெண்டும் தமிழ் வழி. இப்ப மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்கு வீட்டுல இருந்தே படிக்கிறேன். கணக்கும் ரீசனிங்கும் பயமில்லை. ஆங்கிலம்தான் காலை வாருது. அதுலயும் இந்த "ஒன் வேர்ட் சப்ஸ்டிட்யூஷன்", நீளமா ஒரு விளக்கம் கொடுத்து அதுக்கு ஒரே சொல் கேட்பாங்களே, அது.

ஒரு பயிற்சி மையத்துல கொடுத்த பி.டி.எஃப். கிடைச்சது. 600 சொல். ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு, ஒரு நாளைக்கு 30 வீதம் 20 நாள்ல முடிச்சேன். எங்க வீட்டுல சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுற வேலை. சாயங்காலம் அம்மா கூட உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கிட்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு முடிச்சுக்கு ஒரு சொல். அம்மாவுக்கே பாதி மனப்பாடம் ஆகியிருக்கும்.

போன ஞாயிறு மாதிரித் தேர்வு எழுதினேன். மூணு கேள்வி வந்தது. மூணும் தப்பு. ஆறு மார்க் போச்சு, அதுக்கு மேல ஒன்றரை மார்க் கழிவு.

1. தூக்கத்தில் நடப்பவர். நான் குறிச்சது சோம்னிலோக்விஸ்ட். விடை சோம்னாம்புலிஸ்ட்.
2. பூச்சிகளைப் பற்றிய படிப்பு. நான் குறிச்சது எட்டிமாலஜி. விடை என்டமாலஜி.
3. வேறிடத்தில் புதைக்கப்பட்டவருக்காக எழுப்பிய நினைவுச்சின்னம். நான் குறிச்சது எபிடாஃப். விடை செனோடாஃப்.

கொடுமை என்னன்னா, மூணுமே என் லிஸ்ட்ல இருக்கு. செனோடாஃப் 9-ஆம் பக்கம், வலது பக்கம் கீழே, டீக்கறை பட்ட இடத்துக்குப் பக்கத்துல. கறை ஞாபகம் வருது, சொல் வரலை. இதுக்கு மேல எப்படிப் படிக்கிறதுன்னு தெரியலை. தமிழ் வழியில படிச்சு இதைத் தாண்டினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ஊர்க்குருவி:

ஃப்ளாஷ் கார்டு ஆப் ஒண்ணு இறக்கிக்கோங்க. 30 போதாது, தினமும் 50 போடுங்க. ரிவிஷன் பண்ணப் பண்ண தானா வரும்.

சின்னாளபட்டிப் பொண்ணு:

நன்றி. ஆனா மூணு தடவை ரிவிஷன் பண்ணிட்டுத்தான் இந்த மார்க்.

கடைசி பெஞ்ச் 2017:

தங்கச்சி, நான் 2017 சி.ஜி.எல். எழுதி உள்ளே வந்தவன். உசிலம்பட்டிப் பக்கம், நானும் முழுக்கத் தமிழ் வழி. அப்ப இரண்டாம் கட்டத்துல ஆங்கிலத்துக்குன்னே தனித்தாள், 200 கேள்வி, 200 மார்க். இப்ப அது 45 கேள்வி, 135 மார்க்குன்னு சுருங்கிடுச்சு. ஆனா கேள்வி போடுற புத்தி மாறலை.

உன் மூணு தப்பையும் திரும்பப் பாரு. ஒண்ணாவது கண்ணை மூடிக்கிட்டுக் குத்தினதா? இல்லை. மூணுலயும் சரியான தெருவுக்குப் போய் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்க. உன் லிஸ்ட்ல ஒவ்வொரு சொல்லும் தனியா நிக்குது. தேர்வுல எந்தச் சொல்லும் தனியா வராது, மூணு பங்காளியோடதான் வரும். அப்பனுக்கும் சித்தப்பனுக்கும் ஒரே மூக்கு, ஒரே நெத்தி. நீ ஆளை ஞாபகம் வச்சிருக்க, மூக்கை ஞாபகம் வைக்கலை.

அதனால அந்த 600-ஐத் தூக்கி ஓரமா வை. ஒரு வெள்ளை நோட்டு வாங்கி, குடும்பம் குடும்பமா எழுது. நான் எப்படி எழுதினேன்னு சொல்றேன்.

எங்கப்பா பருத்திக்கு மருந்தடிப்பார். டப்பாவுல தமிழ்ல பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி. இங்கிலீஷ்ல இன்செக்டிசைட், ஹெர்பிசைட். ஒரு நாள் அதைப் பார்த்துக்கிட்டே இருந்தப்ப பொறி தட்டுச்சு: "சைட்"னா கொல்லி! அவ்வளவுதான். பேட்ரிசைட் அப்பனைக்கொல்லி, மேட்ரிசைட் அம்மாவைக்கொல்லி, ஃப்ராட்ரிசைட் அண்ணன்தம்பிக்கொல்லி, ரெஜிசைட் ராஜாக்கொல்லி, இன்ஃபன்டிசைட் சிசுக்கொல்லி, ஜெனோசைட் இனக்கொல்லி. பெண்டாட்டியைக் கொல்றதுக்குக்கூட ஒண்ணு இருக்கு, அக்ஸோரிசைட். கேள்விப்பட்டதும் எங்கம்மா, "இதுக்கெல்லாமா பரீட்சை வைக்கிறான்"னாங்க. ஒம்பது சொல், ஒரு மருந்து டப்பா.

இப்ப உன் முதல் தப்பு. "சோம்ன" லத்தீன்ல தூக்கம். "ஆம்புல" நடக்கிறது. ஆம்புலன்ஸ்லயும் அந்த நடைதான் இருக்கு, படை போற இடத்துக்கெல்லாம் கூடவே நகர்ந்து போன ஆஸ்பத்திரிக்கு வச்ச பேர் அது. "லோக்வ" பேச்சு. ஆக, சோம்னாம்புலிஸ்ட் தூக்கத்துல நடக்கிறவன், சோம்னிலோக்விஸ்ட் தூக்கத்துல பேசுறவன். அந்தப் பேச்சை வச்சே இன்னும் மூணு பிடிக்கலாம். தனியாப் பேசுனா சொலிலக்வி. வயித்துல இருந்து பேசுற மாதிரி பொம்மையைப் பேச வைக்கிறவன் வென்ட்ரிலோக்விஸ்ட், "வென்ட்ரி"ன்னா வயிறு. வாய் ஓயாம பேசுறவன் லொக்வேஷியஸ். தூக்கம் வராதது இன்சோம்னியா.

ஆம்னி பஸ் தெரியும்ல? ஆம்னிபஸ்னா லத்தீன்ல "எல்லாருக்கும்". (டிக்கெட் விலையைப் பார்த்தா அப்படித் தோணாது, அது வேற கதை.) எல்லாம் அறிஞ்சவன் ஆம்னிஷியன்ட், எல்லாம் வல்லவன் ஆம்னிபொடன்ட், எங்கும் நிறைஞ்சவன் ஆம்னிப்ரெசன்ட், எல்லாத்தையும் தின்கிறது ஆம்னிவோர். இந்த நாலையும் ஒரே கேள்விக்கு நாலு தெரிவாப் போடுவான். ஆம்னியைத் தெரிஞ்சு வச்சா போதாது, அதுக்குப் பின்னாடி வர்ற வாலைப் பாரு.

இடங்களுக்கு ஊரைப் பிடிச்சுக்கோ. இது எனக்கு ரொம்பக் கைகொடுத்தது. நீ சின்னாளபட்டின்னா திண்டுக்கல் போற வழியில தோல் ஷாப்பு வாடை மூக்கைத் துளைச்சிருக்கும். தோல் பதப்படுத்துற இடம் டேனரி. இனிமே அந்த வாடை இருக்கிறவரை அந்தச் சொல் உன்னை விட்டுப் போகாது. திராட்சை வளர்க்கிறது விட்டிகல்ச்சர், கம்பம் பள்ளத்தாக்கை நினைச்சுக்கோ. தேனீப் பெட்டி வைக்கிற இடம் ஏப்பியரி, மார்த்தாண்டம். பறவைகளை வச்சிருக்கிற கூண்டு ஏவியரி, வண்டலூர். (ஏப்பியரி, ஏவியரி ரெண்டும் ஒரே கேள்வியில வரும். "ஏவி"ன்னா பறவை, ஏவியேஷன்ல விமானம் பறக்குதுல்ல.) அரசு ஆவணங்களைச் சேர்த்து வைக்கிறது ஆர்க்கைவ்ஸ், எழும்பூர்ல இருக்கு. நாணயம் அடிக்கிற இடம் மிண்ட். சென்னையில மிண்ட் ஸ்ட்ரீட்டுக்குத் தமிழ்ப் பேர் தங்கசாலைத் தெரு, கம்பெனிக்காரன் காசு அடிச்ச சாலை இருந்த இடம்.

உன் மூணாவது தப்புக்கும் சென்னையில தெரு இருக்கு! தேனாம்பேட்டையில செனோடாஃப் ரோடு. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸுக்காகக் கட்டின நினைவு மண்டபம் முன்னாடி அங்கே நின்னதால அந்தப் பேர். ஆளைப் புதைச்சதோ வடக்கே காசிப்பூர்ல. கிரேக்கத்துல "கெனோ" வெறுமை, "டாஃப்" கல்லறை. காலிக் கல்லறை. எபிடாஃப்லயும் அதே டாஃப்தான், ஆனா அது கல்லறை மேல எழுதுற வாசகம். சென்னை வந்தா அந்த ரோட்டுல ஒரு தடவை நடந்துட்டுப் போ, டீக்கறை தேவைப்படாது.

போஸ்ட்யுமஸ்னு ஒண்ணு வரும், செத்தபிறகு வெளிவர்ற புத்தகம், செத்தபிறகு கொடுக்கிற விருது. "போஸ்ட்" பின், "ஹ்யூமஸ்" மண். மண்ணுக்குப் போனபின். இப்படித்தான் நான் வச்சிருந்தேன்.

ஒரு சொல்லை மட்டும் வேற மாதிரிச் சொல்லணும். "சமூகத்தால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்"னு கேட்டு, தெரிவுகள்ல "பரையா"ன்னு இருக்கும். அது நம்ம ஊர்ச் சாதிப் பேர் ஒண்ணுல இருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். நான் மாதிரித் தேர்வுல அதைக் குறிச்சுட்டு, ரெண்டு மார்க்கும் வாங்கிட்டு, வெளியே டீக்கடையில ரொம்ப நேரம் நின்னேன். கூடப் படிச்ச நண்பன் பக்கத்துலயே நின்னான், அவன் ஒண்ணும் பேசலை, நானும் பேசலை. தேர்வுல வந்தா குறி. வெளியே வந்து அந்தச் சொல்லை யார் மேலயும் போடாதே.

பாஸ்மார்க்:

அண்ணன் சொன்னது அருமை, ஆனா கொஞ்சம் தரைக்கு வாங்க. முதல் கட்டத்துல 100 கேள்வி, 60 நிமிஷம். ஆங்கிலம் 25. அதுல இந்த வகை பெரும்பாலும் ஒண்ணுல இருந்து மூணு கேள்வி. இதுக்கு 20 நாள் முழுசாக் கொடுத்தது அதிகம். ரீடிங், க்ளோஸ் டெஸ்ட் (பத்தியில விட்ட இடத்தை நிரப்புறது), பிழை கண்டுபிடிக்கிறதுலதான் மார்க் குவிஞ்சிருக்கு. பேங்க் தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிறீங்கன்னா அங்கே இது வர்றதே அபூர்வம். ரயில்வே என்.டி.பி.சி.யில ஆங்கிலப் பகுதியே கிடையாது. எஸ்.எஸ்.சி.யோட இன்னொரு தேர்வு எம்.டி.எஸ்., அதை 2023-ல இருந்து தமிழ்லயும் எழுதலாம், ஆனா அதுலயும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்துலதான்.

ஆனா ஒரு நியாயம் உண்டு. தெரிஞ்ச சொல்லுன்னா அஞ்சு செகண்ட்ல முடிஞ்சிடும். மிச்ச நேரம் கணக்குக்குப் போகும்.

நீங்க கணிதம் படிச்சவங்க, இதைப் போட்டுப் பாருங்க. சரின்னா 2, தப்புன்னா அரை மார்க் கழிவு. பங்காளிகள்ல ரெண்டு பேரை வெளியே தள்ளிட்டா, மிச்சம் ரெண்டுல ஒண்ணைக் குறிக்கிறதுக்கு சராசரி முக்கால் மார்க் லாபம். இரண்டாம் கட்டத்துல 3-க்கு 1 கழிவு, அங்கே லாபம் ஒரு மார்க். நாலுல ஒண்ணைக் குருட்டாம்போக்குல குத்தினா அங்கே சராசரி பூஜ்யம். அதனால வேர் தெரிஞ்சு ரெண்டைத் தள்ளத் தெரிஞ்சாலே போதும். 600-ம் வேண்டாம்.

இன்னொண்ணு, பழைய வினாத்தாள்ல இருந்து மட்டும் எடுங்க. இந்த வகையில திரும்பத் திரும்ப அதே சொற்கள் வருது.

ஓய்வுபெற்ற டீச்சர்:

முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள். தம்பி சொன்ன கொல்லிக் குடும்பத்தை என் வகுப்பில் பயன்படுத்தாமல் போனேனே என்று இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். போஸ்ட்யுமஸ் என்பதன் மூலம் மண் அல்ல. லத்தீனில் "போஸ்டுமுஸ்" என்றால் கடைசியானது, கடைசியாகப் பிறந்தது. அப்பா இறந்தபின் பிறந்த பிள்ளையையும் அப்படிச் சொன்னார்கள். பிற்காலத்தில் யாரோ உங்களைப் போலவே மண்ணை நினைத்துக்கொண்டு நடுவில் ஒரு "ஹெச்" எழுத்தைச் செருகிவிட்டார்கள். அதனால்தான் உச்சரிப்பில் இல்லாத ஹெச் எழுத்துக்கூட்டலில் உட்கார்ந்திருக்கிறது.

மகளே, நீ இதை ஏற்கெனவே ஒருமுறை படித்திருக்கிறாய், தமிழில். மரபுச் சொற்கள் நினைவிருக்கிறதா? ஆட்டுப்பட்டி, மாட்டுத் தொழுவம், குதிரைக் கொட்டில், கோழிக்கூடு, எலி வளை. யானை பிளிறும், மயில் அகவும், குயில் கூவும். "குதிரை கட்டும் இடம்" என்று மனப்பாடம் செய்தாயா? கொட்டில் என்றதும் குதிரை வந்து நின்றது. ஆங்கிலத்தில் அதே கொட்டில் ஸ்டேபிள், நாய்க்குக் கென்னல், பன்றிக்கு ஸ்டை, முயல் தோண்டும் வளை பர்ரோ. தமிழ் வழியில் படித்ததால் பின்தங்கிவிட்டோம் என்று நினைக்காதே, கொக்கிகள் உன்னிடம்தான் அதிகம்.

வயதுச் சொற்களைப் பார். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் பார்த்திருப்பாய், சஷ்டியப்தபூர்த்தி. சஷ்டி, சப்தம், அஷ்டம், நவம் என்ற வடமொழி எண்களும் லத்தீன் எண்களும் ஒரே கொடிவழி. அறுபதுகளில் இருப்பவர் செக்ஸாஜெனேரியன், எழுபதுகளில் செப்டுவாஜெனேரியன், எண்பதுகளில் ஆக்டோஜெனேரியன், தொண்ணூறுகளில் நானாஜெனேரியன். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த பாட்டியிடம் கொடுத்தால் அரை மணியில் பிடித்துக்கொள்வார்.

உன் இரண்டாவது தப்புக்கு யாரும் மருந்து சொல்லவில்லை. வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் துறையின் பெயர்ப்பலகையில் என்டமாலஜி என்றிருக்கும். "என்" என்ற ஒலி வந்தால் எறும்பை நினை, ஆங்கில எறும்பிலும் "ன்" இருக்கிறது. இது வேர் அல்ல, வெறும் குறுக்குவழி; என் மாணவிகளுக்கு உதவியது. எட்டிமாலஜி சொற்களின் பிறப்பைப் பற்றியது, இந்தப் பக்கத்தில் நாம் எல்லோரும் செய்துகொண்டிருக்கும் வேலை.

நோட்டில் தமிழ் அர்த்தத்தோடு நிறுத்தாதே. பழைய வினாத்தாளில் இருக்கும் ஆங்கில விளக்கத்தை வரி மாறாமல் எதிரே எழுது. தேர்வில் உன் முன்னால் வரப்போவது அந்த வரிதான். பலர் விடைச்சொல்லை அறிந்திருந்தும் விளக்க வரியில் இருக்கும் ஒரு சொல் புரியாமல் தவறுகிறார்கள். எழுத்துக்கூட்டலைக் கையால் ஐந்து முறை எழுது, விரலுக்கும் ஞாபகம் உண்டு.

கடைசி பெஞ்ச் 2017:

டீச்சர், எட்டு வருஷத்துக்கு மேலா மண்ணோட திரிஞ்சிருக்கேன். நன்றி. ஆனா அந்தத் தப்பான மண்ணுதான் எனக்கு மார்க் வாங்கிக் கொடுத்தது, அதை மறக்க மாட்டேன்.

பாஸ்மார்க் சொன்னதையும் ஒத்துக்கிறேன். தினம் 20 நிமிஷம் போதும் தங்கச்சி. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம், அஞ்சாறு சொல். ஞாயித்துக்கிழமை பழைய தாள். தப்பானதை மட்டும் நோட்டோட கடைசிப் பக்கத்துல, குறிச்ச தப்பான பங்காளியோட சேர்த்து எழுது. சரியான விடையை மட்டும் எழுதினா மறுபடி அதே கதவைத்தான் தட்டுவ.

சின்னாளபட்டிப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன். நோட்டு போட்டாச்சு, 22 குடும்பம் ஆகியிருக்கு. முடிச்சுப் போடும்போது இப்ப சொல் சொல்றதில்லை, அம்மா வேரைச் சொல்லுவாங்க, நான் குடும்பத்தைச் சொல்லணும். நேத்து அம்மா "கொல்லி"ன்னதும் நான் எட்டுச் சொன்னேன். "பொண்டாட்டியை விட்டுட்ட"ன்னாங்க. அக்ஸோரிசைட்தான் அவங்களுக்கு முதல்ல ஞாபகம் வருது, ஏன்னு கேட்கலை.

இந்த ஞாயிறு ரெண்டு கேள்வி. ஒண்ணு ஏவியரி, சரி. இன்னொண்ணு, "சம்பளம் உண்டு, ஆனால் வேலை ஏதும் இல்லாத பதவி". தெரிவுகள்ல சைன்க்யூர், ஹானரரி, ப்ரொபேஷன், டென்யூர்னு இருந்தது. ஹானரரி சம்பளமில்லாததுன்னு தெரியும், தள்ளிட்டேன். ப்ரொபேஷனும் இல்லைன்னு தோணுச்சு. மிச்சம் ரெண்டுல டென்யூர் போட்டுட்டேன். க்யூர்னா குணப்படுத்துறதாச்சே, ஆஸ்பத்திரி சம்பந்தம்னு நினைச்சேன். இதை எந்தக் குடும்பத்துல சேர்க்கிறது?

கடைசி பெஞ்ச் 2017:

"சைன்" லத்தீன்ல இல்லாமல். "க்யூரா" கவலை, பொறுப்பு. பொறுப்பில்லாத பதவி. இதுக்குக் குடும்பம் தேட வேண்டாம் தங்கச்சி, ஆள் போதும். எங்க செக்‌ஷன்ல ஜன்னலோரமா மூணாவது மேசை. வேலை கிடைச்சு வா, நேர்ல காட்டறேன். பேர் இங்கே எழுத மாட்டேன், அவருக்குப் படிக்க நிறைய நேரம் இருக்கு.